உப்புக் காப்பிக்கு நாற்பத்தொன்று

பக்கத்து மேசைக்காரர் வாயில் இருந்ததைக் கோப்பைக்குள்ளேயே துப்பிவிட்டு, "யோவ், இது காப்பியா, கடல் தண்ணியா?" என்று கேட்டபோது, அவள் தன்னுடையதை முக்கால்வாசி முடித்திருந்தாள்.

சர்வர் ஓடி வந்தார். சர்க்கரை டப்பாவில் யாரோ உப்பைக் கொட்டிவிட்டார்கள் என்பது இரண்டு நிமிடத்தில் தெரிந்தது. மன்னிப்புக் கேட்டபடியே ஒவ்வொரு மேசையாகக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு வந்தவர், அவளுடைய கோப்பைக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"நீங்க ஒண்ணும் சொல்லலையேம்மா?"

"எனக்குப் பழக்கம்" என்றாள்.

அவர் கோப்பையை எடுத்துக்கொண்டு போனார். அவள் மெதுவாகக் குனிந்து மடியிலிருந்த நோட்டைப் பார்த்தாள். ஐந்து நிமிடம் முன்பு அவளே எழுதியிருந்தாள்: "மணம் நன்று. கசப்பு அளவோடு. முடிவு மென்மை. ஐம்பதுக்கு நாற்பத்தொன்று."

சளி பிடித்து, அது விட்டு இரண்டு வாரம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு குடித்த காப்பியெல்லாம் ஒரே மாதிரி இருந்ததற்கு அவள் ஊரைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தாள். புது ஊர், புதுத் தண்ணீர், மாடு என்ன தின்கிறதோ என்றெல்லாம் யோசித்தாள். தன் நாக்கை அவள் சந்தேகப்படவில்லை. போலீஸ்காரர் வீட்டில் திருடன் நுழைவான் என்று யார் எதிர்பார்ப்பார்கள்?

அவளுடைய வேலையே நாக்கு. காப்பித்தூள் விற்கும் நிறுவனம் ஒன்றில் அவள் இளநிலைச் சுவை ஆய்வாளர். இது நியமன ஆணையில் உள்ள பெயர். அலுவலகத்தில் அவளைச் 'சின்ன நாக்கு' என்றார்கள். 'பெரிய நாக்கு' தலைமை அலுவலகத்தில் இருந்தார். முப்பது வருட அனுபவம். கொட்டை மலையின் எந்தப் பக்கத்துச் சரிவில் விளைந்தது, பறித்த வாரம் மழை பெய்ததா என்று ஒரே வாயில் சொல்லிவிடுவார் என்று பேச்சு.

நிறுவனம் இந்த நகரத்தில் கிளை திறக்கப்போகிறது. ஊரின் தலைசிறந்த கடைகளோடு முதலில் ஒப்பந்தம் போடுவது அவர்கள் வழக்கம். நல்ல கடையில் தங்கள் தூள் ஓடினால் மற்றக் கடைகள் தாமாகவே வந்து நிற்கும். அதற்காக ஒருவரை முன்கூட்டியே அனுப்பி, ஊர் முழுக்கக் குடித்துப் பார்க்கச் சொல்வார்கள். மூன்று மாதத்துக்குள் பத்துக் கடைகள் கொண்ட பட்டியல் தர வேண்டும். அதில் முதல் நான்கை மட்டும் பெரிய நாக்கு நேரில் வந்து ருசி பார்ப்பார். அந்த நான்கில் ஒன்றாவது அவரிடம் நாற்பத்தைந்து மதிப்பெண் வாங்கினால் அனுப்பப்பட்டவர் கிளைப் பொறுப்பாளர். வாங்காவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

இரண்டு மாதம் முடிந்திருந்தது. முதல் மாதமும் அடுத்த மாதத்தில் பாதியும் வீடு பார்ப்பதிலும் கிளைக்கு இடம் பார்ப்பதிலும் போய்விட்டன. காப்பி குடிக்கத் தொடங்கியதே சளி விட்ட பிறகுதான்.

காது மூக்கு தொண்டை மருத்துவர் அவள் நாக்கின்மேல் ஒவ்வொரு சொட்டாக நான்கு திரவங்களை விட்டார். நான்குக்கும் அவள் "தண்ணி" என்றாள்.

"வந்துரும்" என்றார் மருத்துவர்.

"எப்ப டாக்டர்?"

"மூணு வாரத்துலயும் வரலாம், மூணு மாசத்துலயும் வரலாம். சில பேருக்கு வராமலும் போகலாம். என்ன வேலை பாக்கறீங்க?"

உண்மையைச் சொல்ல வெட்கமாக இருந்தது. "டைப்பிங்" என்றாள்.

"அப்பப் பரவாயில்ல. சமையல்காரர் யாராவதா இருந்தா கஷ்டம்."

வெளியே வந்து கணவனுக்குப் போன் செய்தாள். அவன் பழைய ஊரில் ஒரு பேருந்துப் பணிமனையில் மேற்பார்வையாளர்.

"என்னங்க, ஒரு விஷயம்."

"இரு, முதல்ல நான் சொல்லிடறேன். ராஜினாமா கொடுத்துட்டேன்."

அவள் நடைபாதைக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்பவேவா? எனக்கு வேலை உறுதியாகட்டும்னு சொன்னேனே."

"உன் நாக்குக்கு உறுதியாகாம வேற யாருக்கு ஆகும்? பாப்பாவுக்கும் ஸ்கூல்ல டி.சி. வாங்கியாச்சு."

"உங்க மேனேஜர் ஒண்ணும் சொல்லலையா? இருந்து பாருங்கன்னு?"

"எங்க? கடுதாசியப் படிக்கறதுக்கு முன்னாடியே கையெழுத்துப் போட்டுட்டாரு."

அவள் விஷயத்தைச் சொன்னாள். மறுமுனையில் பேருந்து ஒன்று பின்னோக்கி வந்துகொண்டிருந்தது.

"சரி, பதறாத" என்றான். "நாக்கு இல்லேன்னா என்ன, கண்ணு இருக்குல்ல? எந்தக் கடையில கூட்டமோ அதுதான் நல்ல கடை. ஜனங்க என்ன முட்டாளா?"

அது நியாயமாகத்தான் தோன்றியது. ஐந்து நாள் அவள் ஊரெல்லாம் சுற்றித் தலைகளை எண்ணினாள். ஒரு கடை மற்றவற்றை ஊதித் தள்ளியது. காலை ஒன்பது மணிக்கு உள்ளே நாற்பது பேர், வாசலில் அறுபது பேர். ஒரே மாதிரி பொறுமையுடன், கையில் காகிதங்களோடு நின்றார்கள். முதலிடத்தில் அந்தக் கடையை எழுதி, முதற்கட்ட அறிக்கையாகத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டாள்.

அனுப்பிய மறுநாள், சும்மா ஒரு உறுதிக்காக, வாசலில் நின்றவர் ஒருவரிடம் கேட்டாள்.

"இங்க காப்பி எப்படிங்க?"

"காப்பியா?" என்று அவர் கடையைத் திரும்பிப் பார்த்தார், அது காப்பிக்கடை என்பதை அப்போதுதான் கவனித்தவரைப் போல. "அது தெரியாதும்மா. பக்கத்துல லைசென்ஸ் ஆபீஸ். என் டோக்கன் எம்பத்தாறு. இப்பதான் முப்பத்திரண்டு ஓடுது. இங்கதான் நிழல் இருக்கு."

"உள்ள உக்காந்திருக்கறவங்க?"

"அவங்களுக்குக் கால் வலி."

வீட்டுக்கு வந்தபோது தலைமை அலுவலகத்திலிருந்து பதில் வந்திருந்தது. பெரிய நாக்கே எழுதியிருந்தார். "முதல் கடையிலிருந்தே தொடங்குவோம். இருபத்தெட்டாம் தேதி, சனிக்கிழமை, வருகிறேன்."

பன்னிரண்டு நாள் இருந்தது.

இனி மனித நாக்கு ஒன்று இல்லாமல் முடியாது என்று தீர்மானித்தாள். அவள் குடியிருந்த மாடிக்குக் கீழே வீட்டுக்காரம்மா இருந்தார். அறுபதைத் தாண்டியவர். மகனும் மருமகளும் வேலைக்குப் போனபின் வாசல் நாற்காலியில் உட்கார்ந்து தெருவுக்கு வருகைப் பதிவு எடுப்பவர். விஷயத்தைப் பட்டும் படாமலும் சொன்னாள். அலுவலகத்தில் இரண்டாவது கருத்து ஒன்று கேட்கிறார்கள், கூட வந்து குடித்துப் பார்க்க முடியுமா?

"காப்பியா?" வீட்டுக்காரம்மா எழுந்தே விட்டார். "எத்தனை கடை?"

"ஒரு நாளைக்கு அஞ்சு, ஆறு."

"செருப்பு மாட்டிட்டு வந்துடறேன்."

முதல் கடையில் வீட்டுக்காரம்மா ஒரு வாய் குடித்தார். மேசையிலிருந்த சர்க்கரையில் இரண்டு கரண்டி போட்டார். மறுபடி குடித்தார். கண்கள் கலங்கின.

"பொண்ணே, இதுதான் காப்பி."

"எத்தனை மார்க் போடலாம்?"

"எத்தனைக்கு?"

"ஐம்பதுக்கு."

"ஐம்பது."

இரண்டாவது கடையில் மூன்று கரண்டி போட்டுக்கொண்டார். "பொண்ணே, நான் முன்னாடி சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன். இதுதான் காப்பி." மூன்றாவது கடைக்காரர் சர்க்கரை டப்பாவை அவர் கைக்கு எட்டாத இடத்துக்கு நகர்த்தி வைத்தார். "கஞ்சப் பய. இருபது."

அவளுக்கு லேசாகச் சந்தேகம் தட்டியது. ஆனால் நனைந்தவள் முக்காடு தேடுவதில்லை. மூன்று நாளில் பதினேழு கடைகள் முடிந்தன. ஐம்பது வாங்கிய கடைகள் பதினொன்று. இவற்றில் எவையும் சோடை போகாது என்று இரண்டைப் பொறுக்கி இரண்டாம், மூன்றாம் இடங்களில் எழுதினாள். நான்காவது இடத்துக்கு, பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே இருந்த ஒரு சின்னக் கடையைப் போட்டாள். அங்கே அவள் காலே வைத்ததில்லை. பெயர்ப்பலகையைத் தினமும் துடைக்கிறவர் காப்பியையும் ஒழுங்காகப் போடுவார் என்பது அவள் கணிப்பு.

இருபத்தேழாம் தேதி மாலை, மருமகள் மாடியேறி வந்தாள். கையில் ஒரு பரிசோதனைக் காகிதம்.

"அக்கா, எங்க அத்தையக் காப்பிக்கடைக்குக் கூட்டிட்டுப் போனது நீங்கதானா?"

"ஒரு ஆபீஸ் வேலையா..."

"ஏழு வருஷமா அத்தைக்கு வீட்டுல சர்க்கரையே காட்டாம வச்சிருக்கேன். அவங்க அம்மாவுக்கு இருந்ததாம், முன்ஜாக்கிரதையா இருக்கட்டும்னு. போன வாரம் வீட்டுல எல்லாருக்கும் டெஸ்ட் எடுத்தோம். இன்னைக்கு ரிசல்ட். பாருங்க. முந்நூத்தி நாப்பது."

அவள் பார்த்தாள். முந்நூற்று நாற்பதுதான்.

"அத்தை என்ன சொல்றாங்க?"

"'செத்தாலும் பரவாயில்ல, எம்பது கரண்டி போட்டேன்'ங்கறாங்க. சிரிக்காதீங்கக்கா."

"நான் சிரிக்கல."

"இந்த மாசத்தோட வீட்டைப் பாத்துக்கங்க. தப்பா நினைக்காதீங்க."

மாசம் முடிய மூன்று நாள் இருந்தது. அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. சாப்பிட்டிருந்தாலும் வித்தியாசம் தெரிந்திருக்காது.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஒரு கறுப்புக் கார் வந்து நின்றது. அதன் ஓட்டுநர் இறங்கிக் கதவைத் திறந்தார். இருபது வருடமாகப் பெரிய நாக்கோடு இருப்பவர். மடித்த துண்டு போல அமைதியானவர். பின்னால் பெரிய நாக்கு இறங்கினார். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை. பையில் நான்காக மடித்த கைக்குட்டை.

"போலாமா?" என்றார்.

முதல் கடையில் ஈ கூட இல்லை. சனிக்கிழமை லைசென்ஸ் அலுவலகம் விடுமுறை. அறுபது பேர் நிற்கும் வாசலில் ஒரு நாய் படுத்திருந்தது. கடைக்காரர் இவர்களைப் பார்த்து, "டோக்கன் திங்கட்கிழமைதான் தருவாங்க" என்றார்.

"காப்பி வேணும்" என்றார் பெரிய நாக்கு.

"காப்பியா?" என்று கடைக்காரர் அடுப்பைப் பற்ற வைக்கப் போனார்.

காப்பி வந்தது. இந்தத் தொழிலில் மூத்தவர் முதலில் குடிப்பதுதான் முறை. பெரிய நாக்கு மட்டும் எப்போதும் இளையவரைக் குடிக்கச் சொல்வார். அது அவருடைய பெருந்தன்மை என்று தலைமை அலுவலகத்தில் சொல்வார்கள்.

"நீங்க முதல்ல."

அவள் குடித்தாள். சூடு தெரிந்தது. கோப்பைக்கு மேலாக அவர் முகத்தையே பார்த்தபடி விழுங்கினாள். அவர் ஒரு வாய் உறிஞ்சினார். அவளையே சிறிது நேரம் பார்த்தார். கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் வாத்தியாரைப் போல.

"முதல் வாயிலேயே ஒரு பயம்" என்றார். "ஏமாத்தற குணம் இருக்கு. தெளிவு இல்ல. பதினெட்டு."

அவள் எழுதிக்கொண்டாள். என்ன நாக்கு, என்று நினைத்தாள். காப்பியில் பயம் தெரிகிறதாம்.

இரண்டாவது கடையில் உட்கார்ந்ததும் சர்வர் நேராக அவளிடம் வந்தார். "என்னக்கா, அந்தச் சர்க்கரை அம்மா வரலையா இன்னைக்கு? முதலாளி டப்பாவ உள்ள எடுத்து வைக்கச் சொல்லிருக்காரு."

"இல்ல" என்றாள் மெதுவாக. காது வரைக்கும் சூடேறியது.

பெரிய நாக்கு அவள் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, தானும் குடித்தார்.

"இதுல ஒரு கூச்சம். வெளிய வராம உள்ள ஒளியற ருசி. அடியில ஏதோ ஒரு சங்கடம் தங்குது. இருபத்தாறு."

மூன்றாவது கடையில் கோப்பை வந்த நேரம் கணவனிடமிருந்து போன். எடுக்காமல் இருந்தால் அடித்துக்கொண்டே இருப்பான் என்று தெரியும்.

"லாரி கிளம்பிருச்சு" என்றான் உற்சாகமாக. "பீரோ, கட்டில், தையல் மெஷின் எல்லாம் ஏத்தியாச்சு. வீட்டைக் காலி பண்ணிச் சாவியக் கொடுத்துட்டேன். நாளைக்குக் காலைல அங்க இருப்போம். வீட்டு அட்ரஸ டிரைவருக்கு அனுப்பிரு."

எந்த வீட்டு அட்ரஸ் என்று கேட்க வாய் வரவில்லை. "சரி" என்று வைத்தாள். கோப்பையை எடுத்துக் குடித்தாள். ஒரு பீரோவும் கட்டிலும் நடுத்தெருவில் நிற்பது கண்முன் தெரிந்தது. பாப்பா கட்டிலின்மேல் உட்கார்ந்திருந்தாள்.

பெரிய நாக்கு இந்த முறை நீண்ட நேரம் எடுத்துக்கொண்டார். கைக்குட்டையால் உதட்டை ஒற்றினார்.

"துக்கம்" என்றார். "இவ்வளவு துக்கமான காப்பி நான் சமீபத்துல குடிச்சதில்ல. கருக வறுத்திருக்கான். ஒன்பது."

இன்னும் ஒரே ஒரு கடை. அவள் காலே வைக்காத கடை.

அங்கே நான்கு மேசைகள். பெயர்ப்பலகை அன்றும் பளபளத்தது. கடைக்காரர் இவர்களைப் பார்த்ததும் ஏதோ சொல்ல வாயெடுத்து, பெரிய நாக்கின் வெள்ளைச் சட்டையைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். உள்ளே போனவர் வர நேரமானது. அவள் மனசுக்குள் கணவனுக்குச் சொல்ல வேண்டிய வாக்கியத்தைத் திருத்தி எழுதிக்கொண்டிருந்தாள். காப்பி வந்தது. கூடவே போன். மருமகள்.

"எடுங்க, எடுங்க" என்றார் பெரிய நாக்கு. "ஆறுறதுக்குள்ள குடிச்சிக்கிட்டே பேசுங்க."

காதில் போனும் கையில் கோப்பையுமாக ஒரு வாய் குடித்தாள்.

"அக்கா" என்றது போன், "நேத்துப் பேசினத மனசுல வச்சுக்காதீங்க. அந்த முந்நூத்தி நாப்பது அத்தையோடது இல்லையாம். லேப்ல பேரை மாத்தி ஒட்டிட்டாங்க. அத்தைக்குத் தொண்ணூத்தெட்டு. அது எங்க வீட்டுக்காரரோடது."

"உங்க வீட்டுக்காரருக்கா?"

"ஆமா. இப்ப அவரைத்தான் சர்க்கரை டப்பா பக்கம் விடாம வச்சிருக்கேன். அத்தை அவர் எதிர்ல உக்காந்து, ஒவ்வொரு கரண்டியா எண்ணிப் போட்டுக் குடிக்கறாங்க. நீங்க வீட்டைக் காலி பண்ண வேணாம்கா. அத்தை கேக்கறாங்க, அடுத்த ரவுண்டு எப்பன்னு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. ஒரு வயதான மனுஷியைக் காப்பி கொடுத்துக் கொன்றுவிட்டோமோ என்று இரவெல்லாம் மார்பில் உட்கார்ந்திருந்தது இறங்கிப் போனது. நாளைக்கு லாரி வந்தால் கட்டிலை இறக்க ஒரு வாசலாவது உண்டு. போனை வைத்துவிட்டு, இன்னொரு வாய், பிறகு இன்னொரு வாய் என்று கோப்பையைக் காலி செய்தாள். வேலை போகத்தான் போகிறது, போகட்டும் என்றிருந்தது.

நிமிர்ந்தபோது பெரிய நாக்கு நாற்காலியில் முன்னால் சாய்ந்திருந்தார்.

"ஆஹா" என்றார் தணிந்த குரலில். அவரும் குடித்தார். "முதல்ல ஒரு திகைப்பு. அப்புறம் அடியிலேர்ந்து ஒரு நிம்மதி எழும்பி வருது. கடைசில சிரிப்பு. முப்பது வருஷத்துல இந்த மாதிரி நாலு காப்பி குடிச்சிருப்பேன். நாப்பத்தெட்டு."

அவள் பேனா எழுதவில்லை. உதறிப் பார்த்து மறுபடி எழுதினாள்.

"நல்ல நாக்கும்மா உங்களுக்கு. இந்த மாதிரி ஒரு மூலையில கிடந்த கடையக் கண்டுபிடிச்சிருக்கீங்க. ஒண்ணாம் தேதிலேர்ந்து கிளை உங்க பொறுப்பு. ஆர்டர் திங்கட்கிழமை வந்துரும்." எழுந்து கை கழுவப் பின்பக்கம் போனார்.

அவர் தலை மறைந்ததும் கடைக்காரர் அவளிடம் வந்து குனிந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"ஐயா யாரு மேடம்? ஹெல்த் ஆபீசரா?"

"இல்ல. ஏன்?"

"இன்னைக்குத் தூள் தீந்து போச்சு. ஆள் வாங்கப் போயிருக்கான். சொல்லலாம்னு வந்தேன், ஐயாவப் பாத்ததும் நாக்கு எழும்பல. நேத்து வடிச்ச சக்கையில வெந்நிய ஊத்தி, பால் கலந்து கொண்டாந்துட்டேன். தப்பா எழுதிடாதீங்க."

அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். சக்கைத் தண்ணீருக்கு நாற்பத்தெட்டு. முப்பது வருட நாக்குக்கு அது தெரியாமலா இருக்கும்? வலை விரித்திருக்கிறார். பாராட்டுகிற மாதிரி பாராட்டி, அவளாக வாயைத் திறந்து ஒப்புக்கொள்கிறாளா என்று பார்க்கிறார். திங்கட்கிழமை வரப்போவது நியமன ஆணையாக இருக்காது.

வாசலில் ஓட்டுநர் காரில் சாய்ந்தபடி, தனக்குக் கொடுத்த காப்பியைச் சாக்கடையில் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணே" என்றாள் மூச்சிரைக்க, "சார் வந்ததும் நான் உண்மையச் சொல்லிடப் போறேன். அவரா கண்டுபிடிச்சு வெளிய அனுப்பறதுக்கு, நானே சொல்லிட்டுப் போறது மரியாதை. எனக்கு ஒரு மாசமா நாக்குல ருசியே தெரியல. சளி பிடிச்சு எல்லாம் போயிருச்சு. நாலு கடையில எதையும் நான் ருசி பாத்து எழுதல."

ஓட்டுநர் கோப்பையைக் கவிழ்த்துத் தட்டினார். கடைக்குள் ஒரு தடவை எட்டிப் பார்த்தார். குழாய்ச் சத்தம் இன்னும் நிற்கவில்லை.

"அவர்கிட்டப் போய்ச் சொல்லி வைக்காதீங்கம்மா" என்றார் சாவதானமாக. "அவருக்கு ருசி போயி ஏழு வருஷமாச்சு, எதிர்ல குடிக்கறவங்க முகத்தப் பாத்துத்தான் மார்க் போடறாரு, இன்டர்வியூவுக்கு வந்த நாப்பது பேர்ல எதையும் மறைக்கத் தெரியாத முகம் உங்களோடதுதான்னு சொல்லித்தான் உங்கள எடுத்தாரு."